திருப்புளி போகுமா?

எங்கள் கடைக்கு மிக்சி வாங்க வருகிறவர்கள் முதலில் ஜாரைத் தூக்கிப் பார்ப்பார்கள். மூடியை அமுக்கிப் பார்ப்பார்கள். வேறு கலர் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த அக்கா மட்டும் வந்து உட்கார்ந்ததும் மிக்சியை மடியில் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பார். ரப்பர் காலுக்குள் விரலை விட்டுத் தடவுவார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்பார்.

"இதுல திருப்புளி போவுமா கண்ணு?"

ஸ்க்ரூ டிரைவரைத்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் திருப்புளி என்பார்கள். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. மோட்டாருக்கு எத்தனை வருஷம் வாரண்டி, மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குமா, இதெல்லாம்தான் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். விலை கூடின சரக்கை விற்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சட்னி அரைக்க ஒரு சின்ன மிக்சி போதும் என்று வருகிறவரைப் பேசிப் பேசிப் பெரிய மோட்டாரோடு அனுப்பி வைப்பேன். முதலாளியே என்னை வாய்க்காரி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த அக்காவிடம் மட்டும் என் வாய் பலிக்கவில்லை. விலை கூடின மிக்சிகளின் அடியில் திருகாணி இருக்கிற குழி நட்சத்திரம் மாதிரி, மூன்று மூலை மாதிரி என்னென்னவோ வடிவத்தில் இருக்கும். சாதாரணத் திருப்புளி அதில் உட்காராது. சிலவற்றில் குழியே இருக்காது. பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அக்கா மிக்சியை நிமிர்த்தி என் பக்கம் தள்ளிவிடுவார்.

"இது வேண்டாஞ் சாமி. இது வாயே தொறக்காது."

கடைசியில் இருப்பதிலேயே மலிவான ஒன்றை, அடியில் நாலு திருகாணியும் பளிச்சென்று தெரிகிற ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். இஸ்திரிப் பெட்டி வாங்கினாலும், டேபிள் ஃபேன் வாங்கினாலும் இதே கதைதான். கடைப் பையன்கள் அவருக்குக் கவுத்தக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் படியேறுவது தெரிந்தாலே ஒருத்தன் ஒரு மிக்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரிப்பான். அவரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கவிழ்த்து வைத்ததையே எடுத்து மறுபடி ஒருமுறை தடவிப் பார்ப்பார்.

அவருக்குக் கை இறுக்கம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். வீட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் பங்கு இருந்தது. அவரே வண்டியின் மெக்கானிக்கும். மத்தியப் பிரதேசம் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பையன் பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தான். மாடி வீடு, முன்னால் டைல்ஸ் போட்ட போர்டிகோ. இத்தனையும் வைத்துக்கொண்டு இந்த அம்மா ஏன் இப்படி ஓட்டை மெஷினாகப் பொறுக்குகிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்புறம் நான் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனேன். அம்மா இறந்த பிறகு நான் தனி ஆள். ஒரு அறையும் சமையல்கட்டும் எனக்குத் தாராளம். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் அவர் போர்டிகோ தெரியும். அந்த வீட்டில் பகல் முழுக்க டிவி ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அக்கா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருப்பார், அல்லது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலை முடிந்து வரும்போது பிடித்துக்கொள்வார். என்ன குழம்பு, கடையில் யார் வந்தார்கள், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்க எதுவும் தீர்ந்துபோனாலும் கேட்டை விட்டு நகர மாட்டார்.

வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா, சரி, வைக்கிறேன், அவ்வளவுதான். இதைப் பேசறதுக்கு மிஸ்டு கால் போதுமே என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

முதல் தடவை அவர் வீட்டுக்குள் போனபோதுதான் மாடிப்படிக்குக் கீழே இருந்த மூலையைப் பார்த்தேன். நான் விற்ற மிக்சி அங்கே இருந்தது. நான் விற்ற டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி, எனக்கு முன்னால் யாரோ விற்ற ஒரு கிரைண்டர், எல்லாமே அங்கே இருந்தன. எல்லாம் கெட்டுப்போனவை. ஒவ்வொன்றின் மேலும் பழைய துண்டு போர்த்தியிருந்தது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும், நான் அப்போதே சொன்னேனே என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருக்கிறார், போன் போட்டால் வீட்டுக்கே வருவார் என்று சொன்னேன். அக்கா துண்டைச் சரிசெய்தபடி, வீட்டுக்காரர் வந்தால் பார்த்துக்கொள்வார் என்றார்.

அவர் வர மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அக்கா என் வீட்டு மிக்சியில்தான் அரைத்தார். ஊழியர் சலுகையில் நான் வாங்கியது, கடையிலேயே உசத்தியான மாடல். தேங்காயையும் பொட்டுக்கடலையையும் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார். அரைத்து முடித்து ஜாரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, நல்லாத்தான் ஓடுது என்பார். அதைக் குறை சொல்கிற குரலில் சொல்வார். எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவர் இறங்கிப் போன பிறகு அந்த மிக்சியையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்கின நாளிலிருந்து அதற்கு ஒரு கோளாறும் வந்ததில்லை. கோளாறைச் சாக்காக வைத்து என் வீட்டுக்கு யாரும் வந்ததும் இல்லை.

வடக்கே மழை பிடித்துவிட்டால் போர் போட முடியாது. வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு ஆட்கள் ஊருக்கு வருவார்கள். ஆனி பிறந்து சில நாளில் அந்த வீட்டுக்காரர் வந்தார். கறுத்து மெலிந்த மனுஷன். காது பாதிதான் கேட்கும். காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் கம்ப்ரஸர் சத்தத்துக்குள் நிற்கிறவர்கள் பேசி என்ன பிரயோஜனம், எல்லாம் கையாலேயே சொல்லிக்கொள்வார்களாம். விரலைச் சுழற்றினால் ராடைச் சுற்று. கட்டைவிரலைக் கீழே காட்டினால் இறக்கு. விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை நேராக நிமிர்த்தினால் வண்டியை நிறுத்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பதற்கும் உள்ளங்கைதான். ஃபேன் போடு என்பதற்கும் சுழலும் விரல்தான். அந்த வீட்டில் ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் குடித்தனம் நடத்த முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் அக்கா போர்டிகோவில் ஒரு சாக்கை விரிப்பார். மூலையிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கி வந்து துண்டை எடுத்துவிட்டு வைப்பார். திருகாணி போட ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டு, எதிரே பூண்டு உரிக்க உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர் தன் பையிலிருந்து மரப்பிடி போட்ட திருப்புளியை எடுப்பார். முதல் திருகாணி தட்டில் விழுந்ததும் அந்த மனுஷனுக்கு வாய் வந்துவிடும்.

ஜன்னலில் நின்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். காது கேளாதவர்களின் உரத்த குரல், ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கப்ளர் தேய்ந்திருக்கிறது, கார்பன் கட்டை கரைந்துவிட்டது என்று மெஷினில்தான் ஆரம்பிப்பார். அங்கிருந்து எப்படித் தாவினார் என்று தெரியாது, வண்டி சேற்றில் இறங்கி இரண்டு நாள் கிடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். சமையல்காரன் கோபித்துக்கொண்டு ரயிலேறியதைச் சொல்வார். ஏதோ ஒரு ஊரில் ஒரு பாட்டி போரில் தண்ணீர் வந்ததும் இவர் தலையில் அந்தத் தண்ணீரையே ஊற்றியதைச் சொல்வார். அக்கா ஒரு கேள்வி கேட்க மாட்டார். கேட்டால் நின்றுவிடும் என்று பயமோ என்னவோ, பூண்டை உரித்துக்கொண்டே இருப்பார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும். மறுநாள் அடுத்த மெஷின் வரும்.

ஒருநாள் என் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது அக்காவே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

"கையில திருப்புளி இருந்தாத்தான் கண்ணு அந்த மனுசன் வாயத் தொறக்கறாரு. நல்ல மிக்சிய வாங்கி ஊட்ல வெச்சுட்டு நா என்ன பண்றது?"

இத்தனை நாளும் என் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி இந்தப் பொம்பளையின் வருஷப் பேச்சைப் பிடுங்கவா பார்த்தோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

அதற்கடுத்த வருஷம் பையன் ஊருக்கு வந்தான். அன்பான பையன்தான், அம்மா மேல் உயிர். மாடிப்படி மூலையைப் பார்த்துவிட்டு, ஏம்மா இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாய் என்று வருத்தப்பட்டான். பெங்களூர் போனதும் போனிலேயே எல்லாவற்றையும் ஆர்டர் போட்டுவிட்டான். மிக்சி, கிரைண்டர், முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், எல்லாமே நான் விற்க ஆசைப்படுகிற ரகம். எக்ஸ்சேஞ்சில் பழையதை எடுத்துப் போக வேன் வந்தது. ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போகும்போது அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பையன் ஆசையாகச் செய்வதை எந்த வாயால் தடுப்பது. துண்டுகளை மட்டும் உருவி மடித்து வைத்துக்கொண்டார்.

ஆனியில் வீட்டுக்காரர் வந்தார். வந்த மறுநாள் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தாராம். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். அக்கா, பையன் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டான் என்றிருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் டீக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். போர்டிகோவில் சாக்கு விரியவில்லை. டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒருநாள் வாஷிங் மெஷின் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி. வீட்டுக்காரரும் பையைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் திருப்புளி நுழைய இடமில்லை. பையன் அங்கிருந்தே புகார் கொடுத்துவிட்டதால் சாயங்காலத்துக்குள் யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் வந்தார். இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் வீட்டுக்காரர் திருப்புளியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். அந்த வாரமே, மழை விடுவதற்கு முன்னாலேயே, ஷெட்டில் இன்ஜின் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அந்த வருஷம் அக்கா கேட்டில் நின்று என்னிடம் பேசியது குறைவு. பேசவே இல்லாத நாளும் உண்டு.

தை கழிந்து கடைக்கு வந்தார். மடியில் ஒரு மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு விரலை விட்டுத் தடவினார். கடையிலேயே மலிவான மிக்சி அது. நான் ஒரு வார்த்தை பேசாமல் பில் போட்டேன். வாய்க்காரிக்கு என்ன ஆயிற்று என்று முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டிலிருந்து மிக்சி அலறுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. கூடவே கருகின வாடை. தீப்பிடித்துவிட்டதோ என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சமையல்கட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஜாருக்குள் முழுசு முழுசாகக் காய்ந்த குண்டு மஞ்சள். உரலில் போட்டு இடித்தாலே துள்ளி ஓடுகிற மஞ்சள் அது. மிக்சியின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் விரல் இன்னும் திருகின சுவிட்சின் மேலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகப் பலகாரம் எடுத்துத் தின்னும்போது மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார். அடுத்த வாரம் வீட்டுக்காரர் வருகிறார் என்றார். நான் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டுப் புகை போகிற வரைக்கும் அவரோடு நின்றேன். வாரண்டி இருக்கிறது, கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்கள் என்று சொல்ல வேண்டியது என் தொழில். சொல்லவில்லை. வீட்டுக்காரர் வந்ததும், மஞ்சள் போட்டுக் கருக்கின அந்த மிக்சி அக்காவுக்கு நாலு நாள் பேச்சைக் கொடுத்தது. கேட்டில் என்னைப் பிடித்து அத்தனையையும் மறுபடி எனக்குச் சொன்னார்.

பையன் வாங்கிக் கொடுத்த உசத்தி மெஷின்கள் மேல் இப்போது அந்தப் பழைய துண்டுகள் போர்த்தியிருந்தன. அவன் வருகிற நாளில் மட்டும் எடுப்பார்.

பிறகு ஒரு வருஷம் வீட்டுக்காரர் மழைக்கு முன்பே வந்துவிட்டார். திரும்பிப் போகவில்லை. வருஷக்கணக்கில் தின்ற கல்லுப்பொடி நெஞ்சில் படிந்துவிட்டது என்று சேலத்தில் டாக்டர் சொன்னாராம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கை நடுங்கியது. அக்கா எதையும் மாற்றவில்லை. காலைச் சாப்பாடு ஆனதும் சாக்கை விரித்து, மிக்சியைக் கவிழ்த்து வைத்து, தட்டை வைத்தார். வீட்டுக்காரர் திருப்புளியை எடுத்துக் குழிக்குள் விட்டார். முனை உட்காரவில்லை. வழுக்கி வழுக்கிப் பிளாஸ்டிக்கைக் கீறியது. மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்புளியைச் சாக்கின் மேல் போட்டார். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். வண்டியை நிறுத்து.

நான் ஜன்னலில் நின்றிருந்தேன். அக்கா பூண்டு முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு அந்தத் திருப்புளியை எடுத்தார்.

"நீங்க சொல்லுங்க. நா சுத்தறேன்."

அவர் குனிந்து திருகாணியைப் பார்த்தார். பிறகு, இடப்பக்கம் சுற்று என்றார். அமுக்கிப் பிடித்துச் சுற்று என்றார். திருகாணி தட்டில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமினார், ஆனாலும் நிறுத்தவில்லை. மெஷினை விட்டு எங்கெங்கோ போனார். அதில் ஒன்றை நான் மறக்கவில்லை.

"தண்ணி மேல வந்துதுன்னா உங்கிட்டச் சொல்லோணும்னு தோணும் புள்ள. அந்தச் சத்தத்துல போனுல ஒண்ணுங் கேக்காது. சத்தம் நின்ன பொறவு பாத்தா, சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும்."

அக்கா திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. கழற்ற எதுவும் மிச்சமில்லாத மெஷினில் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, பொறாமையாகவும் இருந்தது.

ஐப்பசியில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பையன் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு, அம்மாவைப் பெங்களூருக்குக் கூப்பிட்டான். இங்கேயே இருக்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். டிவி சத்தம்கூட நின்றுபோயிற்று. நான் சாயங்காலம் வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நானாகப் போய்க் கூப்பிட்டால் வந்து, சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். மாடிப்படிக்குக் கீழே அந்த மிக்சி பிரித்தது பிரித்தபடி கிடந்தது. பக்கத்தில் தட்டில் திருகாணிகள் இருந்தன.

பங்குனியில் ஒருநாள் அவர் கடைப் படியேறுவது தெரிந்தது. கடைப் பையன் பழக்க தோஷத்தில் ஒரு மலிவு மிக்சியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டான். அப்புறம்தான் அவர் நெற்றியைப் பார்த்தான். சங்கடப்பட்டு நகர்ந்துபோனான். அக்கா வந்து எப்போதும் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். கவிழ்ந்து கிடந்த மிக்சியைத் தொடவில்லை.

"கெடாததாப் பாத்து ஒண்ணு குடு கண்ணு."

பையன் வாங்கிக் கொடுத்த நல்ல மிக்சி வீட்டில் இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டேன். அதைக் காரியத்துக்கு வந்த நாத்தனார் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. இப்போது உங்களுக்கே கழற்றத் தெரியுமே அக்கா, கெட்டால்தான் என்ன, மலிவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். விலை குறைந்ததை வாங்கச் சொல்லி ஒரு வாடிக்கையாளரிடம் நான் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

"கழட்டத் தெரியுங் கண்ணு," என்றார். "கழட்டிப் போட்டுட்டு ஆருகிட்டப் பேசறது?"

உள்ளே போய் உசத்தி மாடல் ஒன்றை எடுத்து வந்தேன், என் வீட்டில் இருக்கிற அதே மாடல். பெட்டியைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். அவருக்கு மிக்சி காட்டுவதென்றால் எனக்குக் கை தானாகவே அதைப் புரட்டிவிடும். அடிப்பாகத்தைக் காட்டலாம் என்று தூக்கிக் கவிழ்க்கப் போனேன்.

அக்கா விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை எனக்கு நேராக நிமிர்த்தினார்.

நான் மிக்சியை நேராகவே வைத்துவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தேன்.